ஒரு ஆணிகூடப் போகாது

தோஹா தொழில்பேட்டையில் மீராசாவின் கடை எங்கே என்று கேட்டால் லாரி ஓட்டும் பாகிஸ்தான் பட்டாணிகூட வழி சொல்லுவான். டயர் கடைகளின் ரப்பர் வாடையையும் வெல்டிங் பட்டறைகளின் இரைச்சலையும் தாண்டிப் போனால், கூரையிலிருந்து தரைவரை கொக்கி கொக்கியாகச் சாமான் தொங்கும் ஒரு கடை வரும். பூட்டு, தாழ்ப்பாள், கீல், குழாய், ஆணி. இல்லை என்பதற்கு அரபியில் 'மாஃபி' என்பார்கள். அந்தச் சொல்லை மீராசா இன்னும் படிக்கவே இல்லை என்று தொழிலாளர் கேம்ப் ஆட்கள் கேலி செய்வார்கள். கீழக்கரைக்காரர். பேச்சு குறைவு, வியாபாரம் சுத்தம்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் பிடித்து இழுத்துப் பள்ளிக்கூடத் தேர்தலில் நிறுத்தினார்கள்.

இந்தியர்கள் நடத்தும் கோரல் சமூகப் பள்ளிக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்களே ஓட்டுப் போட்டுக் கமிட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். கமிட்டிக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆண்டு விழா மேடையில் ஒரு நாற்காலி, தோளில் ஒரு சால்வை, அவ்வளவுதான். அந்த நாற்காலிக்கு நடக்கும் அமளியைப் பார்த்தால் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தல் தோற்றுப்போகும். பழைய கமிட்டியில் இருந்தவர்கள் பெஞ்சை மச்சினன் கடையில் வாங்கினார்கள், பெயின்டைத் தங்கள் கடையிலேயே வாங்கினார்கள் என்று பேச்சு கிளம்பி, ஊரே கொதித்துப் போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் எதிர் ஃபிளாட் கோபாலசாமி வந்து உட்கார்ந்தார். கோயமுத்தூர்க்காரர், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் எஞ்சினியர். அவர் மகள் ரக்ஷிதாவும் மீராசாவின் மகள் ஆலியாவும் ஒரே வகுப்பு.

"கெவர்மென்ட் ஸ்கூல்னா கெவர்மென்ட் பொறுப்புங்க பாய். பிரைவேட்னா ஓனர் பொறுப்பு. இது நம்ம ஸ்கூலுங்க. இங்க நாமதான் முதலாளி. உங்களை மாதிரி கை சுத்தமான ஆளு நிக்காம வேற யாரு நிக்கறதுங்க?" என்றார்.

மீராசா யோசித்தார். யோசிக்காதவள் அவர் மனைவி நஸீராதான். புருஷன் மேடையில் உட்கார்ந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் கசக்கும்? நஜ்மாவிலிருந்து பழைய விமான நிலையம் வரைக்கும் தமிழ்க் குடும்பங்களின் கதவைத் தட்டினாள். ஒவ்வொரு வீட்டிலும் ஊரிலிருந்து வந்த தொதல் அல்வாவில் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்.

"எங்க கடையில இருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆணிகூடப் போகாது. இது சத்தியம்."

அந்த வாக்கியம் வாட்ஸ்அப்பில் ஏறி நல்ல ஓட்டம் ஓடியது. மீராசா ஜெயித்தார். கட்டடமும் பாதுகாப்பும் அவர் பொறுப்பு என்றார்கள். இரும்புக் கடைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது என்று தலைவர் மேடையில் சிரிக்க, கூட்டமும் சிரித்தது. நஸீராவும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தாள்.

ஜூன் பிறந்ததும் ஷமால் காற்று கிளம்பியது. வடக்கேயிருந்து நாள் முழுக்க மண்ணை அள்ளிக்கொண்டு வரும் காற்று. அன்று நஸீரா ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துணியை அடைத்துவிட்டு, தேங்காயும் மாசிக் கருவாடும் சேர்த்துச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தாள். ஆலியாவுக்கு மாசிச் சம்பல் என்றால் உயிர். போன் அடித்தது. வகுப்பாசிரியை சுஷ்மிதா மிஸ், ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. நஸீராவும் கேட்கவில்லை. சம்பல் வாடை அடிக்கும் கையோடு அபாயா அங்கியை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

விளையாட்டுத் திடலுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் ஓர் இரும்புக் கதவு உண்டு. ஆலியா அந்தக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஷூவுக்குள் போன மண்ணைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். காற்று கதவை அறைந்து சாத்தியது. வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் பாதியோடு போய்விட்டன. ஒட்ட வைக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். வானிலை சொல்வது போல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். நஸீராவுக்கு அது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. 'யார் விரல்?' என்று அவரையே திருப்பிக் கேட்டாள்.

"அந்தக் கதவை எப்பவும் கயித்துல கட்டித் திறந்தே வெச்சிருப்பாங்க மேடம்," என்றார் சுஷ்மிதா மிஸ். அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது. "மெதுவா சாத்துறதுக்கு மேல ஒரு கை மாதிரி இருக்குமே, அது உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. இன்னிக்குப் புழுதி உள்ள வருதுன்னு யாரோ கயித்தை அவிழ்த்துட்டாங்க."

மீராசா அப்போதுதான் கடையிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். இதைக் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிறார் என்று நஸீரா நினைத்தாள்.

"ரொம்ப நாளாவா? ரொம்ப நாளா உடைஞ்சு கிடந்த கதவையா பிள்ளைங்க நடக்கிற இடத்துல வச்சிருந்தாங்க?" அவள் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. வந்திருந்த பெற்றோர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "எவனா இருந்தாலும் சரி. அதைச் சரி பண்ணாமப் போட்டவனை நான் மன்னிக்க மாட்டேன். இம்மையிலயும் மாட்டேன், மறுமையிலயும் மாட்டேன். எல்லாரும் சாட்சி."

மீராசாவின் தோள் அசைந்தது. ஆனால் அவர் திரும்பவில்லை.

ஆலியா வீட்டுக்கு வந்த பிறகு கேட்ட முதல் கேள்வி சோற்றைப் பற்றியது. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, "உம்மா, லெஃப்ட் ஹேண்ட்ல சாப்பிட்டா ஹராமா?" என்றாள்.

"முடியாதவங்களுக்கு ஒண்ணும் ஹராம் இல்லம்மா. நான் ஊட்டி விடுறேன், வாயைத் திற."

"இட்ஸ் ஓகே உம்மா. ஐ கேன் யூஸ் எ ஸ்பூன்." பத்து வயதுப் பிள்ளை பெற்றவளுக்கு ஆறுதல் சொன்னது. நஸீரா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். பிசைந்த சோறு கூழாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மீராசா வந்ததும், கோபாலசாமியும் அவர் மனைவி சந்திரகலாவும் ரசமும் பருப்புத் துவையலும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வெளியே சூரியன் இருக்கும் இடமே தெரியாமல் வானம் மஞ்சளாகிக் கிடந்தது. கோபாலசாமி வாரம் முழுக்க எல்லாருக்கும் போன் போட்டுப் பார்த்திருந்தார்.

"பிரின்சிபல் சம்பளத்துக்கு இருக்கற ஆளுங்க. ஒரு பல்பு வாங்கறதுன்னாலும் கமிட்டி சொல்லோணுங்கறாரு. தலைவருக்குப் போட்டா, நாங்கெல்லாம் சேவைக்கு வந்தவங்க, எங்க மேல எப்படிங்கறாரு. தூதரகத்துல, நாங்க பேருக்குத்தான் புரவலர்னு வெச்சுட்டாங்க. கல்வி அமைச்சகத்துல கேட்டா, லைசென்ஸ் குடுத்ததோட எங்க வேலை முடிஞ்சுதுங்கறாங்க."

"அப்ப எம்புள்ள விரலை எடுத்தது யாரு அண்ணே? காத்தா?" என்றாள் நஸீரா.

"அதாங்க எனக்கும் புடிபட மாட்டேங்குது. கெவர்மென்ட்டும் இல்லை, பிரைவேட்டும் இல்லை. ரெண்டுக்கும் நடுவால நிக்குது."

சந்திரகலா தாழ்ந்த குரலில், "ஊரா இருந்தா ஸ்கூல் வாசல்ல உக்காந்து மறியல் பண்ணியிருப்போம் அக்கா. இங்க அதுக்கும் வழியில்லை," என்றாள்.

"ஓட்டுக் கேக்கயில நாமதான் முதலாளிண்டு சொன்னீங்களே அண்ணே," என்றாள் நஸீரா.

கோபாலசாமி தலையைக் குனிந்துகொண்டார். மீராசா வந்தவர்கள் எதிரில் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"விட்ருவோம் நஸீரா. கேஸுண்டு போனா போன விரலு வந்துரப் போகுதா?"

நஸீராவுக்குத் தலைக்கு ஏறியது. அத்தனை நாளும் அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இரவில் தூங்காமல் புரண்டுகொண்டே சொன்னார், ஆலியாவுக்கு மாத்திரை கொடுக்கும்போதும் சொன்னார்.

"உங்களுக்கு அந்தப் பள்ளிக்கூடத்து மானம்தான் பெருசு. சால்வை போட்டாங்கள்ல. அந்த சால்வையை எடுத்து எம்புள்ள கையில சுத்தட்டுமா?"

வேற்று ஆட்கள் எதிரில் அவள் புருஷனிடம் இப்படிப் பேசியதே இல்லை. மீராசா எழுந்து போய் ஆலியா பக்கத்தில் படுத்துக்கொண்டார். ரசம் தொடப்படாமல் ஆறியது.

இவர்கள் கேஸ் போடவே தேவைப்படவில்லை. பிள்ளைக்கு இப்படிக் காயம் என்றால் ஆஸ்பத்திரியே போலீசுக்குச் சொல்லிவிடும். தாய் தகப்பன் இருவரையும் வரச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. நஸீரா ஆலியாவைச் சந்திரகலாவிடம் விட்டுவிட்டுப் போருக்குப் போகிறவள் மாதிரிக் கிளம்பினாள். காரில் மீராசா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அங்க வந்து பேசுங்க," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதிகாரி நல்ல மனிதர். பேரீச்சம்பழத் தட்டை அவர்கள் பக்கம் தள்ளி வைத்தார், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று முதலில் கேட்டார். மொழிபெயர்க்க ஹபீப் முகம்மது என்பவர் உட்கார்ந்திருந்தார். அதிராம்பட்டினத்துக்காரர், தாடி நரைத்தவர். நஸீரா அவரை அண்ணன் முறையில் காக்கா என்றாள்.

"யார் மேல புகாருண்டு கேக்குறாரு தங்கச்சி."

"பள்ளிக்கூடத்து மேல."

ஹபீப் முகம்மது அரபியில் சொன்னார், பதிலைக் கேட்டார். "பள்ளிக்கூடத்தைக் கொண்டாந்து நிறுத்த முடியாதுங்கிறாரு. கட்டடம் பேசாது. ஆளு வேணும். அந்தக் கதவு யாரு பொறுப்புல இருந்துச்சு?"

"அதைக் கண்டுபிடிக்கிறது அவங்க வேலைண்டு சொல்லுங்க காக்கா. எவனா இருந்தாலும் நான் விட மாட்டேன்."

"எம் பொறுப்பு," என்றார் மீராசா.

ஹபீப் முகம்மது மொழிபெயர்க்க மறந்து அவரையே பார்த்தார். நஸீராவும் பார்த்தாள். அவர் மேசையில் இருந்த பேரீச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கமிட்டியில கட்டடம், பாதுகாப்பு ரெண்டும் எம் பேருல. கதவு உடைஞ்சது எனக்குத் தெரியும். கயித்தைக் கட்டுனதே நாந்தான். மூணு கடையில விலை கேட்டு வாங்கணுமிண்டு கமிட்டியில சட்டம். ரெண்டு கடைக்காரன் குடுத்தான். மூணாவது ஆளு வர்ற வரைக்கும் இருக்கட்டுமிண்டு கட்டி வச்சேன். ஆளு வரல. நானும் துரத்திக் கேக்கல."

நஸீராவின் காது அடைத்துக்கொண்டது. அதிகாரியின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. கையை அபாயாவுக்குள் இழுத்துக்கொண்டாள். கட்டடப் பொறுப்பு என்று மேடையில் சொன்னபோது சிரித்தவள்தானே அவள். அந்தப் பொறுப்புக்கும் இந்தக் கதவுக்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே. கௌரவம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மீராசாவும் அப்படித்தான் நினைத்திருந்தார், ஆஸ்பத்திரிச் சுவர்ப் பக்கம் திரும்பிய அந்த நிமிஷம் வரைக்கும்.

அவர்கள் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டிதானா என்று அதிகாரி ஹபீப் முகம்மதிடம் கேட்டார். பிறகு, நீ சரியாகத்தான் மொழிபெயர்க்கிறாயா என்றும் கேட்டார். இருபது வருஷமாக அதிகாரி நாற்காலியில் இருக்கும் மனிதர், பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார்.

"என்னண்டு சொல்லுவேன் தங்கச்சி," என்றார் ஹபீப் முகம்மது. "புள்ள சின்னப் புள்ள. அது சார்பா வழக்கை நடத்துறதோ விட்டுக் குடுக்குறதோ தகப்பன்தான் சொல்லணும். இப்ப விட்டுக் குடுக்குற உரிமை உள்ளவரும் இவருதான், குத்தவாளியும் இவருதான். விட்டுக் குடுத்தா அபராதத்தோட முடிய வழியிருக்குண்டு சொல்றாரு. இல்லைண்டா கோர்ட்டு. ஜெயிலும் வரலாம். கடை லைசென்ஸு, உங்க விசா, புள்ள விசா எல்லாம் இவரு பேருலதானே. மீராசாண்ணே, விட்டுக் குடுக்குறேண்டு சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க. புள்ளைக்கு மருந்து வாங்குற வேலையப் பாருங்க."

"இல்லை," என்றார் மீராசா.

"என்ன இல்லை?"

"அது எம் மக உரிமை. அதை எடுத்து என்னைய நானே காப்பாத்திக்கிட மாட்டேன். கோர்ட்டுக்கே போகட்டும்."

நஸீரா அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். வாரமெல்லாம் விடு விடு என்று கெஞ்சிய மனுஷன் விட மாட்டேன் என்கிறார். விட மாட்டேன் என்று ஊரைக் கூட்டியவள் இப்போது, "சொல்லுங்க, சொல்லித் தொலைங்க, நாங்க எங்க போவோம்," என்று அவரை உலுக்கிக்கொண்டிருந்தாள். சொல்வது தன் வாய்தானா என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. மீராசா அசையவில்லை.

அதிகாரி எழுந்து உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். தகப்பன் மறுத்தால் தாய் சொல்வதை எழுதி மேலே அனுப்பலாம் என்றார். எல்லாரும் நஸீராவைப் பார்த்தார்கள்.

அவள் சட்டையை விட்டாள். "ஒண்ணு கேக்குறேன். அந்தக் கதவுக்கு மாட்டுற சாமான் நம்ம கடையில இருந்துச்சா?"

"தொங்குது."

"தொங்குதுண்டா?"

"கல்லாவுக்கு மேல. நிமிந்தா தலையில தட்டும்."

"அதுல ஒண்ணை எடுத்து மாட்ட முடியலையா உங்களுக்கு? தகப்பன்தானே நீங்க?"

"ஒரு நாளு எடுத்து வண்டியிலகூட வச்சேன்," என்றார் மீராசா. "பாதி வழியில திருப்பிட்டேன். ஒரு ஆணிகூடப் போகாதுண்டு சொன்னோம். நீயும் சொன்னே, நானும் சொன்னேன். நம்மளையும் பழைய கமிட்டிக்காரனுக மாதிரி பேசுவாங்களேண்டு பயந்துட்டேன்."

எத்தனை வாசல் ஏறி இறங்கினாள், எத்தனை பேர் கையில் தொதலை வைத்தாள். ஒவ்வொரு வாசலிலும் அந்த வாக்கியத்தை எவ்வளவு பெருமையாகச் சொன்னாள். நஸீரா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எழுதுங்க காக்கா, விட்டுக் குடுக்குறேன்," என்றாள்.

கையெழுத்துப் போட்டாள். அபராதம் கட்டப் பிறகு கூப்பிடுவோம் என்று அனுப்பினார்கள். வெளியே காற்று கண்ணில் மண்ணை அறைந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்தப் போனவள், சாத்தாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"நான் போட்டது கையெழுத்துதான்," என்றாள். "மன்னிக்கல. உங்களையும் மன்னிக்கல, என்னையும் மன்னிக்கல. அது ஆலியா வளர்ந்து சொல்லட்டும். அந்தக் கதவு இப்ப எப்படி இருக்கு?"

மீராசா வைப்பரைப் போட்டுக் கண்ணாடி மண்ணைத் தள்ளினார்.

"எப்படி இருக்குண்டு கேட்டேன்."

"கயித்துலதான் கட்டியிருக்கு. மூணாவது ஆளு இன்னும் விலை குடுக்கல."

"கடைக்கு விடுங்க."

வெல்டிங் பொறி தெறிக்கும் தெருவில் கார் நின்றது. கடைக்குள் போய் நஸீரா நிமிர்ந்து பார்த்தாள். கல்லாவுக்கு மேலே, பிளாஸ்டிக் உறையில், அந்தக் கதவுக் கை புழுதி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கொக்கி நிறையத் தொங்கிக்கொண்டிருந்தது. எக்கி ஒன்றை உருவினாள். ஒரு டப்பா திருகாணியையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு வெகு நேரமாகியிருந்தது. நேபாளிக் காவலாளி, கமிட்டி சார் என்று சலாம் வைத்துக் கேட்டைத் திறந்துவிட்டான். திடலோரம் அந்த இரும்புக் கதவு, நீல நைலான் கயிற்றில் கட்டியபடி நின்றது. முடிச்சு மீராசாவின் முடிச்சு. கீழக்கரையில் வள்ளம் கட்டும் முடிச்சு, அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நிலையைக் கழுவியிருந்தார்கள். நஸீரா அதை உற்றுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மீராசா ஏணியில் ஏறி வேலை செய்தார். அவள் கீழே நின்று திருகாணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, அவர் இறங்கிவிட்டார். கயிற்றை அவிழ்த்தார்.

காற்று ஒரு வீச்சு வீசியது. கதவு கிளம்பியது. நஸீரா குனிந்து தன் வலது கையை நிலையில் வைத்தாள், ஆலியா வைத்த அதே இடத்தில்.

"எடு நஸீரா, கையை எடு," என்று மீராசா ஓடி வந்தார்.

அவள் எடுக்கவில்லை. கதவு மெல்ல மூச்சு விடுகிற சத்தத்தோடு மெதுவாக, மிக மெதுவாக வந்தது. வந்து அவள் விரல்களைத் தொட்டு அப்படியே நின்றது. வலிக்கவே இல்லை.

"இம்புட்டுதானா?" என்றாள் நஸீரா. கையை எடுக்காமல் புருஷன் முகத்தைப் பார்த்து மறுபடியும் கேட்டாள். "இம்புட்டுதானா இது?"